கிள்ளான் சாலையில் தலையும் வாலும்

கோலாலம்பூருக்கு வந்து போகும் தோட்டத்து வாசகர்களுக்கு பிரிக்பீல்ட்ஸைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கந்தசுவாமி கோயிலில் கும்பிட்டு, வாழையிலையில் சாப்பிட்டு, பிள்ளைகளுக்குத் துணிமணி வாங்கிக்கொண்டு, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குத் திரும்பியிருப்பீர்கள். அடுத்த முறை ரயிலை விட்டுவிட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பஸ்ஸிலோ காரிலோ போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஊர்ந்து போகும் நீண்ட டிரெய்லர் லோரிகளைக் கொஞ்சம் உற்றுக் கவனியுங்கள். முன்பக்கத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். பின்பக்கத்தில் பார்த்தால் வேறோர் எண்! நாம் குடிக்கிறோமே டீ, அந்த ஓசையுடைய ஆங்கில எழுத்தும் ஒரு சாய்கோடும் போட்டு அந்த எண் தொடங்கும்.

ஒரு லோரிக்கு இரண்டு எண்களா என்று திகைக்க வேண்டாம். சட்டத்தின் கண்ணில் அது ஒரு வண்டியல்ல, இரண்டு. முன்னால் இழுப்பது ஒன்று. பின்னால் இழுபடுவது ஒன்று. டிரைவர்கள் முன்வண்டியை மலாய் மொழியில் 'கெப்பாலா', அதாவது தலை என்பார்கள். பின்னால் வருவதை நான் வால் என்று வைத்துக்கொள்கிறேன். தலை இன்றைக்கு ஒரு வாலை இழுக்கும், நாளைக்கு வேறொரு வாலை இழுக்கும். அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு.

"வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் படித்து முடித்துப் போன பையன்களில் பலர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து லோரி வேலை தேடித்தான் கிள்ளான் பக்கம் போகிறார்கள். அவர்களுடைய அப்பா, அம்மா என்னிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், பையன் கார் லைசென்ஸ் வைத்திருக்கிறான். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிக்கு ஆள் கேட்கிறார்களாம். போகலாமா?" போகக்கூடாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஏன் கூடாது, எப்படிப் போனால் போகலாம் என்பதற்குத்தான் இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தொடங்குகிறேன், இழுக்கும் தொழில் இந்த வட்டாரத்தில் வேர்விட்டது அங்கேதான். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய கோலாலம்பூரை அழித்தன. அதன் பிறகு செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் பேட்டையாயிற்று. நம்மவர்கள் அங்கே குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். பெட்டிகளைக் கோத்து, பிரித்து, மறுபடி கோக்கும் ரயில் முற்றம் அங்கே இருந்தது. அந்த முற்றத்தின் மேல்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது.

ரயில் என்பது என்ன? ஒரு தலை, பல வால்கள். ஆனால் எஞ்சின் டிரைவருக்குப் பெரிய கவலை ஒன்று கிடையாது. பெட்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அந்தத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பெட்டியைத் தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு போ என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் டிரெய்லர்.

1972-இல் துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது. அடுத்த ஆண்டே கொள்கலன் முனையம் வந்தது. மூட்டை சுமந்த காலம் போய்ப் பெட்டி தூக்கும் காலம் பிறந்தது. 1994-இல் பூலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் இயங்கத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டில் போர்ட் கிள்ளான் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம்! இவற்றில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். மிச்சமிருப்பவை சாலைக்கு வருகின்றன. அந்த மிச்சமே நமக்குப் போதும். மாலை நேரத்தில் கிள்ளானில் சாலை கடந்தவர்களுக்குத் தெரியும்.

இனி லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமே இதற்கெல்லாம் அடிப்படை. நம் வீட்டுப் பையன்கள் எடுக்கும் கார் லைசென்ஸ் 'டி' வகை. சுமை ஏற்றாத நிலையில் 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான் அது செல்லும். அதற்கு மேல் 'இ' வகை. அதிலும் படிகள் உண்டு. 5,000 கிலோ வரை 'இ2', 7,500 கிலோ வரை 'இ1', அதற்கும் மேலே முழு 'இ'. கொள்கலன் இழுக்கும் டிரெய்லருக்கு வேண்டியது இந்த முழு 'இ'. அது மட்டும் போதாது. சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்க 'ஜிடிஎல்' என்ற தொழில் லைசென்ஸும் வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். புதிதாகக் கார் லைசென்ஸ் எடுத்தவன் 'பி' ஒட்டிக்கொண்டு 2 ஆண்டுகள் ஓட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டிராக்டர் 'டி'யிலும் சேராது, 'இ'யிலும் சேராது. 5,000 கிலோவுக்கு மேற்படாத சக்கர டிராக்டருக்கு 'எஃப்' என்று தனி வகை இருக்கிறது. செம்பனைக் குலைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண்சாலையில் ஓடும் டிராக்டர், அரை மைல் பொதுச்சாலையில் ஏறினாலும் சட்டம் வந்து நிற்கும். "பக்கத்துப் பிரட்டுக்குத்தானே போகிறேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

போன பள்ளி விடுமுறையில் பழைய மாணவன் ஒருவனோடு கிள்ளான் பக்கம் ஒரு பயிற்சித் திடலுக்குப் போயிருந்தேன். கோலா லங்காட் தோட்டத்துப் பையன், வயது 23. அப்பா டிராக்டர் டிரைவர். பையன் சில காலம் வேன் ஓட்டிச் சாமான் விநியோகம் செய்துகொண்டிருந்தவன். டிரெய்லர் கற்றுக்கொள்ளப் பணம் சேர்த்து வைத்திருந்தான்.

அங்கே முதல் பாடம் ஓட்டுவதே இல்லை! தலையையும் வாலையும் கோப்பதும் பிரிப்பதும்தான். வாலின் அடியில் முன்பக்கத்தில் கைப்பிடியளவு தடித்த இரும்பு முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கிறது. தலையின் முதுகில் எண்ணெய் பூசிய வட்டத் தட்டு. அதன் நடுவே பிளவு. தலையை மெல்லப் பின்னால் கொண்டுபோனால் முளை பிளவுக்குள் புகுந்து, தாடை போன்ற பூட்டு 'டக்' என்று கவ்விக்கொள்கிறது. முப்பது டன் வரைக்கும் இருக்கக்கூடிய ஒரு பெட்டியும் தலையும் பிரியாமல் இருப்பது இந்த ஒரு முளையால்தான் என்று கேட்டபோது எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

'டக்' சத்தம் கேட்டுவிட்டது என்று கிளம்பிவிடக் கூடாதாம். வாலின் பிரேக்கைப் பிடித்துவைத்துத் தலையை மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இறங்கி, குனிந்து, டார்ச் அடித்துப் பூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் காற்றுக் குழாய்கள், விளக்குக் கம்பி, வாலைத் தாங்கி நிற்கும் கால்களை மேலே சுற்றுவது, பெட்டியின் நான்கு மூலைப் பூட்டுகள். ஒன்று விட்டாலும் போச்சு. காற்றுக் குழாய் அறுந்தால் வாலின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். மூலைப் பூட்டுக்கு அப்படி ஒரு தானியங்கி ஏற்பாடு கிடையாது. பூட்டாத பெட்டி வளைவில் சரிந்து பக்கத்துக் காரின் மேல் விழுந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அடுத்தது பின்னோக்கி ஓட்டுவது. இங்கேதான் கார் ஓட்டிப் பழகியவர்கள் திணறுகிறார்கள். வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும்! எனக்கு முன்னாலேயே ஒரு பையன் நாலு முறை முயன்று, நாலு முறையும் தலையும் வாலும் மடக்குக்கத்தி போல் மடங்கி நின்றன. பயிற்சி கொடுக்கும் பெரியவர் சத்தம் போடவில்லை. "தம்பி, ஸ்டீரிங்கை மேலே பிடிக்காதே. அடியிலே கை வை. வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து" என்றார். ஐந்தாவது முறை வண்டி கோட்டுக்குள் போய் நின்றது. இருபது ஆண்டுகளாக வகுப்பில் நிற்கிற எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது.

நம் பையன் முதல் முறையிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். பெரியவர் சிரித்துக்கொண்டே, "தோட்டமா? டிராக்டர் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "சார், சின்ன டிரெய்லரைப் பின்னாலே தள்ளத் தெரிந்தவனுக்குப் பெரிசு பயமில்லை. சின்னதுதான் சட்டென்று திரும்பிவிடும். நீளமானது மெதுவாகத் திரும்பும், யோசிக்க நேரம் கொடுக்கும்." ஆகவே காரின் பின்னால் மாட்டும் குட்டி டிரெய்லரை இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. படகோ, சாமானோ ஏற்றி அப்படி இழுத்துப் போகிறவர்கள் நம் நாட்டில் குறைவு. மேல்நாடுகளில் அது வீட்டுக்கு வீடு.

அதில் சுமை ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. மாட்டுவண்டி காலத்துப் பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி குடைசாயும். கார் டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். பாரம் பின்னால் போய்விட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல் இப்படியும் அப்படியும் நெளியத் தொடங்கும். அதை அடக்கப் போய்க் காரையே கவிழ்த்தவர்கள் உண்டு. கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். காரின் பின்பக்கம் தொங்கிப் போகும் அளவுக்கும் இருக்கக் கூடாது. வண்டிக்காரர் இதைப் பரீட்சை எழுதியா கற்றார்?

பரீட்சை என்றதும் இங்கிலாந்துக் கதை நினைவுக்கு வருகிறது. அங்கே 1997 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க வேண்டுமானால் பெரும்பாலும் தனிப் பரீட்சை தேற வேண்டியிருந்தது. அதற்கு முன் எடுத்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அப்பனுக்கு இல்லாத பரீட்சை மகனுக்கு! 2021-இல் அந்நாட்டில் லோரி டிரைவர் பஞ்சம் வந்தது. லோரிப் பரீட்சை நடத்த ஆளும் நேரமும் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கார் டிரெய்லர் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 16 முதல் கார் லைசென்ஸ் உள்ளவர்கள் 3,500 கிலோ வரை பரீட்சையின்றி இழுக்கலாம் என்றாயிற்று. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெரிய டிரெய்லருக்கு இன்னும் தனிப் பயிற்சியோ பரீட்சையோ உண்டு. அதே 2021-இல்தான் நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையிலிருந்து ஒரு பரீட்சையை இறக்கி வைத்ததை நான் வரவேற்றவன். ஆனால் ஒன்றரை டன் பாரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையில் போகிறவனுக்குப் பரீட்சை வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிரைவர் பஞ்சம் தீர்ந்ததா இல்லையா என்பது வேறு. நெளியும் டிரெய்லருக்கு அந்தப் பஞ்சம் தெரியுமா?

இந்தியாவில் இது நீதிமன்றம் வரை போன விவகாரம். டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது. டிரெய்லரை மாட்டிச் சரக்கு ஏற்றியதால் அது செல்லாது என்று காப்புறுதி நிறுவனம் வாதாடியது. 2001-இல் நாகசெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டிரெய்லரை மாட்டியதனாலேயே டிராக்டர் லைசென்ஸ் செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, இலகு வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்றார்கள். விபத்தில் பறிகொடுத்த குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவேண்டுமே என்ற கவலை அந்தத் தீர்ப்புகளுக்குள் இருக்கிறது. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே வந்து அதைப் பேசாதீர்கள்.

இங்கே உரிய வகை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், 26-ஆம் பிரிவின்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியவனுக்கு மட்டுமல்ல, தெரிந்தே ஓட்டவிட்ட முதலாளிக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓட்டு" என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். அபராதம் கட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். விபத்து நடந்து, வண்டியின் காப்புறுதி நிறுவனம் லைசென்ஸ் வகையைக் காட்டிக் கைவிரித்தால்? அப்போது வழக்கும் கடனும் வந்து நிற்பது தோட்டத்து வீட்டு வாசலில். பையனின் சம்பளம் மட்டுமல்ல, அம்மாவின் சேமநிதிப் பணமும் போகும்.

'கோப்பி ஓ' லைசென்ஸ் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பரீட்சைக்குப் போகாமல், அல்லது போனதாகப் பேர் பண்ணி, பணம் கொடுத்து வாங்குவது. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி, அதை வாங்கியவன் வெளியே சொல்லவும் முடியாது. மடங்கி நிற்கும் டிரெய்லரை நிமிர்த்தவும் தெரியாது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அடியில் கை வைத்து நகர்த்தச் சொல்லித் தர அவனுக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி ஒன்று போலீஸ் கலகத் தடுப்புப் படையினரின் வாகனத்தோடு மோதி, ஒன்பது வீரர்கள் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டீரிங் கோளாறும் அளவுக்கு மீறிய சுமையும் விசாரணையில் பேசப்பட்டன. அது டிரெய்லரல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு வரும் பெற்றோர் லோரி வேலை என்றால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். யோசிக்கட்டும்.

யோசிக்க வேண்டியவர்கள் லோரி ஓட்டுபவர்கள் மட்டுமா? மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட டிரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாகச் சாய்ந்து குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய டிரெய்லர் அதனால்தான் முதலில் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்குகிறது. "அட, இடப்பக்கம் வழி விடுகிறான்" என்று நினைத்து நம் பையன் சைக்கிளை உள்ளே நுழைக்கிறான். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியில் தெரிவதில்லை. சந்திப்புகளிலும் வட்டச் சாலைகளிலும் நீங்களே ஓர் ஓரமாக நின்று பத்து நிமிடம் பாருங்கள். எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் சொன்ன பையன் பரீட்சையில் தேறி, ஜிடிஎல்லும் எடுத்து, இப்போது பூலாவ் இண்டாவிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குப் பெட்டி இழுக்கிறான். சென்ற மாதம் அவன் அப்பாவோடு கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். டிரெய்லரை அந்தக் கடைத்தெருவுக்குக் கொண்டுவர முடியாதே. மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். பிந்தி வந்தான். வழியில் ஒரு டிரெய்லர் முன்னால் போனதாம், பின்னாலேயே பொறுமையாக வந்தானாம்.

"ஓரமாகப் புகுந்து வந்திருக்கலாமே?" என்றார் அப்பா.

"மேலே உட்கார்ந்து கண்ணாடியில பார்த்தவன் புகுவானாப்பா?" என்று சொல்லிவிட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.